தாய்மொழி: மராத்தி

மூன்று வருடங்களுக்கு முன், புனேயில் மழை பிடித்துக்கொண்ட ஜூன் மாதத்தில் நடந்தது இது. நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். எனக்கும் என் கணவருக்கும் ஐ.டி. கம்பெனியில் வேலை. புனேயின் பாணேர் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி, ஊசி, கோயில், விரதம் எல்லாம் பார்த்து ஓய்ந்துபோய், தத்தெடுப்பதற்கான அரசு இணையதளத்தில் பெயரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பொறாமை பிடித்தவள். மறைத்து என்ன ஆகப்போகிறது? பக்கத்து சீட்டில் வேலை பார்ப்பவளுக்கு முடி அடர்த்தியாக இருந்தால்கூட எனக்கு அன்றைய சாப்பாடு இறங்காது. "உன் வயித்தெரிச்சலுக்கு ஒரு குழாய் போட்டா நம்ம வீட்டுக்கு கேஸ் கனெக்‌ஷனே வேண்டாம்" என்பார் என் கணவர். குழந்தைக்காகக் காத்திருந்த வருடங்களில் இந்தக் குணம் எனக்கு முற்றிவிட்டது.

அந்த இணையதளத்தில் நம்முடைய வரிசை எண் தெரியும். தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பேன். எந்த மாவட்டத்தில் எத்தனை குழந்தைகள் இல்லங்களில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கிறார்கள், எத்தனை பேர் தத்துப் போனார்கள் என்று அரசாங்கம் வெளியிடும் கணக்கையும் விடமாட்டேன். ஆபீசிலும் எனக்கு அதே பிழைப்புதான். பத்து இடத்திலிருந்து வரும் எண்களை ஒன்றாகச் சேர்த்து மாத அறிக்கை தயாரிப்பது என் வேலை. அதனால் அட்டவணை என்றால் எனக்குப் பயம் கிடையாது. ஆனால் தத்துப் போன குழந்தைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று பார்த்தால் சந்தோஷம் வராது. அவர்களைத் தத்தெடுத்த அத்தனை பேரும் வரிசையில் என்னை இடித்துத் தள்ளிவிட்டு எனக்கு வர வேண்டியதைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஆத்திரம்தான் வரும்.

ஒரு நாள் மதியம், ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது எங்களுக்கும் அந்தச் செய்தி வந்தது. பெண் குழந்தை. நான்கு வயது. புனேயிலேயே இருக்கிறாள். அவளைப் பற்றிய அறிக்கையை நானும் அவரும் மனப்பாடம் ஆகும்வரை படித்தோம். உயரம், எடை, போட்ட தடுப்பூசிகள் எல்லாம் இருந்தன. தாய்மொழி என்ற இடத்தில் மராத்தி என்று போட்டிருந்தது. பெற்றவர்கள் தரப்பில் ஏதோ விவகாரம் முடியாமல் இருந்ததால் இவளை உடனே தத்துக் கொடுக்க முடியவில்லை. அதுவரை இல்லத்தில் வைக்காமல், புனேயை ஒட்டிய நிக்டியில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்திருக்கிறார்கள். அரசே ஏற்பாடு செய்யும் வளர்ப்புக் குடும்பம் அது. ஏறக்குறைய இரண்டு வருடம் அங்கேதான் வளர்ந்திருக்கிறாள். அவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு வளர்ந்த பிள்ளைகள். வயதும் வரம்பைத் தாண்டிவிட்டது. அதனால் அவர்களால் தத்தெடுக்க முடியாது என்று இந்த ஏற்பாட்டைக் கவனித்த சமூகப் பணியாளர் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதியை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மராத்தி என்று போட்டிருக்கிறதே, உடனே இறங்கிவிட்டோம். செல்போனில் பாடம், ஞாயிற்றுக்கிழமை டியூஷன், கீழ்வீட்டு அம்மாவிடம் பேச்சுப் பழக்கம். என் கணவர் பேசிய மராத்தியைக் கேட்டு எங்கள் காய்கறிக்காரரே இந்திக்கு மாறிவிட்டார். குழந்தை வந்ததும் அவள் முன்னால் ஒரு வார்த்தைகூடத் தமிழ் பேசக் கூடாது என்று முடிவு செய்தோம். புது இடத்தில் மிரண்டு போயிருப்பாள், தெரிந்த பாஷையே காதில் விழட்டும், தமிழைப் பிறகு மெதுவாகக் கற்றுக்கொடுக்கலாம் என்று திட்டம். அந்தப் 'பிறகு'வுக்காக நான் ரகசியமாக ஏங்கிக்கொண்டிருந்தேன். நடக்கவும் சாப்பிடவும் தலை வாரிக்கொள்ளவும் அவளுக்கு வேறு யாரோ கற்றுக்கொடுத்தாயிற்று. தமிழாவது என் வாயிலிருந்து அவளுக்குப் போகட்டும், அது ஒன்றாவது எனக்கே எனக்கு என்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

குழந்தையை வாங்கிக்கொள்ளப் போன அன்று அந்த வளர்ப்புத் தாய் அங்கே இல்லை. முன்தினமே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டாராம். நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். குழந்தையோடு ஒரு பையைக் கொடுத்தார்கள். துவைத்து மடித்த கவுன்கள், ஒரு தலையணை. அந்தத் துணிகளில் இருந்த சோப்பு வாசனை எங்கள் வீட்டு வாசனை இல்லை. வீட்டுக்கு வந்த அன்றே எல்லாவற்றையும் எங்கள் மெஷினில் போட்டு இரண்டாம் முறை துவைத்தேன்.

அவள் பேசவில்லை.

முதல் நாள் பேசவில்லை, சரி, புது இடம் என்று விட்டோம். ஒரு வாரம் போயிற்று. அடுத்த வாரமும் போயிற்று. ஆமாம் என்றால் தலையாட்டுவாள். இல்லை என்றால் உதட்டைப் பிதுக்குவாள். "பூக் லாக்லி கா?" என்று பசிக்கிறதா என மராத்தியில் கேட்டால் என் வாயையே உற்றுப் பார்ப்பாள். தட்டில் வைத்ததில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஊரில் இருக்கும் என் அம்மாவோடு பேசுவதென்றால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன். கண்ணாடிக்கு உள்பக்கம் நின்று அவள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் தமிழில் பேசுவது காதில் விழக் கூடாதே என்று நான் இன்னும் தள்ளிப் போய் நிற்பேன்.

சமூகப் பணியாளர் ஒரு சின்னப் பெண். மராத்திக்காரர், தங்கமான குணம். ஆனால் அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவே இல்லை. "நிக்டியில் இவள் வாயை மூடவே மாட்டாளாம் மேடம். மாவ்ஷி, மாவ்ஷி என்று அவர் பின்னாலேயே சுற்றுவாளாம்" என்பார் இந்தியில். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி, பெரியம்மா. வளர்ப்புத் தாயை அம்மா என்று கூப்பிடப் பழக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம், அதனால் மாவ்ஷி. அங்கே இரண்டு சப்பாத்தி சாப்பிடுவாள், அங்கே குளிக்க அடம் பிடிக்க மாட்டாள், அங்கே படுத்தவுடன் தூங்கிவிடுவாள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முகம் தெரியாத ஒரு பெண்பிள்ளைமேல் இத்தனை ஆத்திரம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதிலும் ஒருநாள் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சமூகப் பணியாளர் எங்கள் சோபாவில் உட்கார்ந்து மடிக்கணினியில் மாதக் கணக்கை நிரப்பிக்கொண்டிருந்தார். பழக்க தோஷம், எட்டிப் பார்த்தேன். என் குழந்தை வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவள் என்று இருந்தது. ஏன் என்று கேட்டேன். கலெக்டர் உத்தரவு வரும்வரை நாங்கள் சட்டப்படி பெற்றோர் இல்லையாம். தத்தெடுப்புக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்று அதற்குப் பெயராம். அதாவது கணக்கில் நானும் அந்த நிக்டி மாவ்ஷியும் ஒரே ஜாதி. நான் உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தம் வரக் கழுவினேன்.

போகும்போது சமூகப் பணியாளர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். அடுத்த வாரம் அவர் ஓர் அறிக்கையை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். குழந்தை புதுக் குடும்பத்தோடு பழகிவிட்டதா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. "உள்ளதைத்தானே மேடம் எழுதணும்?" என்றார். பழகவில்லை என்று எழுதினால் என்ன ஆகும் என்று என் கணவர் கேட்டார். கமிட்டி கூப்பிட்டு விசாரிப்பார்கள், உத்தரவு தள்ளிப் போகும், சில சமயம் குழந்தையைத் திரும்ப அழைத்துக்கொள்வதும் உண்டு என்றார். காதையும் ஒருமுறை டாக்டரிடம் பரிசோதித்துவிடுங்கள் என்றார். "இல்லாவிட்டால் அந்த மாவ்ஷியை ஒருமுறை வரச் சொல்லட்டுமா? அவரைப் பார்த்தால் வாய் திறப்பாள்" என்றார்.

"வேண்டவே வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே கர்ணகடூரமாக இருந்தது. குழந்தையைத் திரும்ப அழைத்துக்கொண்டால் எங்கே அனுப்புவார்கள்? நிக்டிக்குத்தானே. அந்தப் பயம்தான் எனக்கு அப்போது முழுநேர வேலை.

அந்தச் சனிக்கிழமை காலை, சட்னிக்குத் தாளிக்க எண்ணெயைக் காயவைத்துக் கறிவேப்பிலையைப் போட்டேன். இலையில் ஈரம் இருந்திருக்கிறது. படாரென்று தெறித்துப் புறங்கை முழுக்கப் பட்டது. மராத்தியா வரும் அப்போது? "அய்யோ, அம்மா, சுட்டுப்போச்சே" என்று கத்திவிட்டேன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த குழந்தை ஓடி வந்தாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். "தண்ணில வையி. ஊதட்டா?" என்றாள்.

தமிழில்.

நான் கையை மறந்தேன். அடுப்பை மறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டது போலத் தன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அப்படியே கீழே உட்கார்ந்து, "பேசு கண்ணு, உனக்குத் தமிழ் தெரியுமா? அம்மாகிட்ட பேசு" என்று கெஞ்சினேன். கண் நிறையத் தண்ணீர் நிற்க, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

என் கணவர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார், அழுதார், என்ன செய்வதென்று தெரியாமல் குழந்தைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். எனக்கும் முதலில் சந்தோஷம்தான். காது கேட்கிறது, வாய் பேசுகிறது, அதுவும் நம் பாஷை. ஆனால் என் புத்தி எங்கே போகும்? கொஞ்ச நேரத்தில் உள்ளுக்குள் குடைய ஆரம்பித்தது. 'தண்ணில வையி' என்றாளே, அது எங்கள் ஊர்ப் பேச்சு இல்லையே. யாரோ ஒருத்தி கற்றுக்கொடுத்த தமிழ். எனக்கென்று நான் எடுத்து வைத்திருந்த அந்த ஒன்றையும் எனக்கு முன்னாலேயே ஒருத்தி கொடுத்து முடித்துவிட்டாள்.

சமூகப் பணியாளரைப் போனில் பிடித்தேன். "ஆமாம் மேடம், அவங்க மதராசிக் குடும்பம்தான். ஆனா அவங்க மராத்தி எங்களைவிட நல்லா பேசுவாங்களே" என்றார் வெள்ளந்தியாக. அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. குழந்தை கைக்குழந்தையாக இல்லத்துக்கு வந்தபோது யாரோ மராத்தி என்று போட்டிருக்கிறார்கள். அப்போது அது சரிதான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு அறிக்கையிலும் பழையதை அப்படியே இழுத்துப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. மாறாத விஷயம்தானே என்று போன மாதத்து வரியை இந்த மாதத்தில் ஒட்டுவது நான் ஆபீசில் தினம் செய்கிற காரியம். தவறாகப் போனால் யாராவது கேட்பார்கள் என்ற தைரியம்.

"அவங்க வீட்டுக்கு நாங்க போகலாமா?" என்று கேட்டேன். கேட்டது நானா என்று என் கணவர் திரும்பிப் பார்த்தார். சமூகப் பணியாளர் அந்த மாவ்ஷியிடம் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறார் என்றார். சமாதானமாகப் பேசப் போவதாகச் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் நான் சண்டைக்குத்தான் கிளம்பினேன். குழந்தையின் வாயைப் பொத்தி அனுப்பியது யார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நிக்டியில் தொழிற்சாலை ஆட்கள் குடியிருக்கும் பழைய காலனி. மழையில் நனைந்த ஒரே மாதிரியான வீடுகள். "நீ முன்னால போ, நான் வண்டியை நிறுத்திட்டு வர்றேன்" என்றார் என் கணவர். நிறுத்த இடம் எதிரிலேயே இருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நடந்தேன். தெருமுனை திரும்பியதும் அவள் உடம்பு விறைத்தது. அடுத்த நொடி மீன் மாதிரி என் கையிலிருந்து நழுவி இறங்கி ஓடினாள். "மாவ்ஷி!" என்று கத்தினாள். இத்தனை நாள் எங்கள் வீட்டில் மூச்சு விடுவதுகூடக் கேட்காத குழந்தை, தெருவே கேட்கக் கத்தினாள்.

என் வயிறு எரிந்ததை எப்படிச் சொல்வது? அப்படி ஒரு குரலில் அவள் என்னை ஒருதரம் கூப்பிட்டால் போதும், மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, நல்ல உயரம், நைட்டிமேல் ஒரு துண்டு. குழந்தை போய் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டது. அவரோ இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார். "ஹாத் கந்தா ஹை, பேட்டா" என்றார், கை அழுக்காக இருக்கிறதாம். நான் பார்த்தேன். கை சுத்தமாகத்தான் இருந்தது.

"ஆயியே மேடம்" என்று என்னை இந்தியில் கூப்பிட்டார். "தமிழ்லயே பேசலாங்க. நாங்க கோயம்புத்தூர்" என்றேன், வெடுக்கென்று.

அவர் தூக்கிய கை தூக்கியபடி நின்றது. அப்புறம் உள்ளே போய்க் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். "தமிழா நீங்க?" என்று கேட்டார். திரும்பவும் கேட்டார். "பாணேர்ல ஐ.டி. ஆளுங்கன்னுதானே சொன்னாங்க. நான் இங்கிலீஷ் பேசுறவங்கன்னு நெனச்சிகினேன்."

அவர்கள் வேலூர்ப் பக்கம். மாமனார் காலத்திலேயே புனேக்கு வந்தவர்கள். வீட்டுக்காரருக்குத் தளேகாவ் தொழிற்சாலையில் வேலை, அன்று ஷிப்டுக்குப் போயிருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் வாய் திறந்தால் மராத்திதானாம். "நாளெல்லாம் தமிழ்ல பேச எனக்கு இவ ஒருத்திதான் கெடச்சா" என்றார். குழந்தை அவர் காலடியில் உட்கார்ந்து அவர் கால்விரல் மெட்டியைத் திருகிக்கொண்டிருந்தது. அந்தக் காலை நகர்த்தச் சொல்லிக் கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு.

"அப்போ ஏனுங்க அவளைப் பேச வேண்டாம்னு சொன்னீங்க?" என்றேன். சண்டைக்கு என்று கொண்டுபோன கேள்வி.

அவர் மழுப்பவில்லை. "சொன்னேன். புது வூட்ல தமிழ் பேசாத, அவங்களுக்குப் புரியாது, திட்டுவாங்கன்னு சொன்னேன். பேசாம சமத்தா இருந்தா மாவ்ஷி வந்து பாப்பேன்னும் சொன்னேன்."

அப்படியானால் என் வீட்டில் அவள் காத்தது பயத்தால் மட்டும் வந்த மௌனம் இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் இந்தப் பெண்மணி வருவார் என்று ஒவ்வொரு நாளும் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். நான் கொஞ்சியதும் ஊட்டியதும் பொம்மை வாங்கி அடுக்கியதும் எல்லாம் அந்தக் காத்திருப்புக்கு நடுவே நடந்த இடைஞ்சல்கள்.

"நல்லதுக்குத்தான் சொன்னேன்னு உங்ககிட்ட சொல்லலாம்" என்றார் அவர். "பாதி நெசம் அது. மீதி வேற. எங்கிட்ட கத்துகின பேச்சு எங்கூடவே நிக்கட்டும்னு ஒரு ஆச. புதுசா வர்றவளுக்கு எல்லாமே போவுது, இது போவ வேணான்னு நெனச்சேன். பொறாமதாம்மா. உங்க மூஞ்சிகூடத் தெரியாது எனக்கு. ஆனா தெனமும் உங்கள நெனச்சி வயிறெரிஞ்சேன்."

நான் சண்டை போட வந்தவள். "நானும்தாங்க" என்றேன்.

வெளியே மழை வலுத்தது. என் கணவர் இன்னும் வரவில்லை. எங்கேயோ நனைந்துகொண்டு நிற்கிறார் என்று தெரியும்.

அப்போதுதான் குழந்தை எழுந்து, "மாவ்ஷி, தண்ணி" என்றாள்.

அந்த அம்மாள் அசையவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். "மாவ்ஷி, தண்ணி குடு" என்று அவர் நைட்டியைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பவே இல்லை. குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். சமையலறை நாலடி தூரத்தில் இருந்தது. நான் எழப் போனேன். என்னைப் பார்த்து, இரு என்பது போல அவர் கை காட்டினார்.

"எனக்குக் காதுல வுழல. அங்க கேளு" என்றார் குழந்தையிடம்.

குழந்தை என்னைப் பார்த்தாள். உடனே இரண்டு கைகளும் வாய்க்குப் போய்விட்டன.

அவர் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். குழந்தையின் கைகளை வாயிலிருந்து மெதுவாக எடுத்தார். தோளைப் பிடித்து என் பக்கமாகத் திருப்பினார். "மாவ்ஷி முன்ன சொன்னது தப்பு. இவங்களுக்குத் தமிழ் தெரியும். எல்லாம் பேசலாம். யாரு இவங்க, சொல்லு."

"மம்மி" என்றாள். அப்படித்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"மம்மி இல்ல. அம்மா. அம்மாகிட்ட கேளு."

குழந்தை அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி கேட்டாள்.

"அம்மா, தண்ணி."

நான் எழுந்து அந்த வீட்டுச் சமையலறைக்குள் போனேன். டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கண்ணும் தெரியவில்லை. கைக்குக் கிடைத்த ஒரு கிண்ணத்தில் தண்ணீரை எடுத்து வந்து கொடுத்தேன். குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. என் முந்தானையால் துடைத்துவிட்டேன். இத்தனை நாளில் நான் துடைக்கும்போது அவள் பின்வாங்காமல் நின்றது அன்றுதான். அந்த அம்மாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அவள் வர மாட்டேன் என்று அழுது புரண்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். என் கணவர்தான் வந்து தூக்கிக்கொண்டு போனார். செருப்பை மாட்டிக்கொண்டே நான் கேட்டேன், "உங்களை ஒருநாள்கூட அவ அம்மான்னு கூப்பிட்டதே இல்லீங்களா?"

"ஒருவாட்டி கூப்ட்டா. காய்ச்சல்ல" என்றார். "கேக்காத மாதிரி இருந்துட்டேன். வர்றவளுக்குன்னு ஒண்ணு மிச்சம் வெக்கணும் இல்ல?"

அன்று வண்டியில் பாணேர் வரும்வரை குழந்தை அழுதாள். ஆனால் தமிழில் அழுதாள். "என்ன வுடு, மாவ்ஷிகிட்ட போவணும்" என்று என்னை அடித்துக்கொண்டே சொன்னாள். என் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் அடியை வாங்கிக்கொண்டு சிரித்தேன். அடுத்த வாரம் அறிக்கை ஏற்ற வந்த சமூகப் பணியாளரைப் பார்த்து அவள் ஓயாமல் தமிழில் பேசினாள். ஒரு வார்த்தையும் புரியாமலே, பழகிவிட்டாள் என்று அவர் எழுதிக்கொண்டு போனார். சில மாதங்களில் உத்தரவும் வந்தது.

இப்போது அவளுக்கு ஏழு வயது. வேலூர்த் தமிழைக் கோயம்புத்தூர்த் தமிழோடு கலந்து பேசுகிறாள். என் அம்மா போனில் கேட்டுவிட்டு, "பேத்தி எந்த ஊருக்காரி சாமி?" என்று சிரிக்கிறார். அந்தப் பேச்சை நான் ஒருநாளும் திருத்தியதில்லை. பண்டிகைக்குப் பண்டிகை நிக்டிக்குப் போகிறோம். போய்விட்டு வந்தால் இரண்டு நாளைக்கு மாவ்ஷி புராணம்தான். இரண்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் குணம் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் சில சாயங்காலங்களில் நான் மும்முரமாக வேலையில் இருக்கும்போது அவள் உள்ளிருந்து அம்மா என்று கூப்பிடுவாள். கேட்காத மாதிரி ஒரு நிமிஷம் இருந்து பார்க்கலாம் என்று நினைப்பேன். முடிந்ததே இல்லை, அதற்குள் என் கால் எழுந்து போய்விடும். காய்ச்சலில் அனத்தும் ஒரு குழந்தை அப்படிக் கூப்பிட்டும் திரும்பாமல், முகம் தெரியாத எனக்காக அந்தப் பெண் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் மேல் எனக்கு மிச்சமிருக்கும் பெரிய பொறாமை அதுதான்.